உஷார்! பிள்ளை வாசிக்கிறது... புரிகிறதா?

வீட்டில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. போகும் பிள்ளை இருக்கிறதா? ஏ முதல் இஸட் வரை எழுதுகிறது, உயிரெழுத்து பன்னிரண்டையும் பார்க்காமல் சொல்கிறது, மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கூட்டி வாசிக்கிறது, விருந்தாளிகள் வந்தால் ரைம்ஸ் ஒப்புவிக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்த நிம்மதியைக் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பார்த்துப் பூரிப்பது வாசிப்பின் ஒரு பாதியை மட்டும். மறு பாதி சத்தமில்லாமல் கைநழுவிக்கொண்டிருக்கலாம். நழுவியது நமக்குத் தெரியவருவது மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோதான். கணக்குப் பாடத்தில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகப் போடும் பிள்ளை, அதையே நாலு வரியில் எழுதிக் கேட்டால் விழிக்கும். "கவனம் போதவில்லை" என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பும். நாம் டியூஷன் வைப்போம், திட்டுவோம், சில வீடுகளில் அடியும் விழும். பிள்ளை மேல் ஒரு தப்பும் இருக்காது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஒரு நாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, "பாட்டி, நானே படிச்சுக் காட்டறேன்" என்று புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். சிங்கத்தை முயல் ஏமாற்றிக் கிணற்றில் தள்ளும் கதை. தங்குதடையில்லாமல் வாசித்தாள். ஒற்று மிகும் இடங்களைக்கூட விடவில்லை. பக்கத்திலிருந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முடித்ததும் கேட்டேன்.

"சிங்கம் ஏன் பாப்பா குதிச்சுது?"

"தண்ணி குடிக்க."

"உள்ள என்ன தெரிஞ்சுது?"

"இன்னொரு சிங்கம்."

"அது எப்படி உள்ள போச்சு?"

பேசாமல் நின்றாள். மெதுவாக விசாரித்தபோது விஷயம் விளங்கியது. அவள் கிணற்றைப் பார்த்ததே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்கிறவள். அவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வரும், கேனில் வரும். குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் முகம் தெரியும் என்பதே அவள் அறியாத சங்கதி. கிணறு என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அந்தக் கதையின் உயிரே அந்தச் சொல்லுக்குள் இருப்பது தெரியாது. நூலகத்தில் கைகழுவ வைத்திருந்த வாளியைக் கொண்டுவந்து எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். தலையை ஆட்டினாள். உள்ளே இருந்த தலையும் ஆடியது. நாக்கை நீட்டினாள். அதுவும் நீட்டியது. நிமிர்ந்தவள், "அய்யோ, அது அந்தச் சிங்கமேதான்!" என்று கத்தினாள். அந்தக் கணத்தில்தான் அவள் அந்தக் கதையை வாசித்தாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு எழுத்துத் தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும் என்றுதான் அவரிடம் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி சொல்கிறது, பக்கத்து வீடு சொல்கிறது, விளம்பரம் சொல்கிறது. தானாக வராது என்பதை யாரும் சொல்வதில்லை.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று. காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் மொழித்திறன் இன்னொன்று. இந்த இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டலாக இருந்தால், ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பெருக்கலில் அந்தச் சலுகை கிடையாது. எழுத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, கேட்டுப் புரிவதில் பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம்தான்.

இதில் பதற வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டுவதை ஆறு வயதில், ஏன், ஏழு வயதில் தொடங்கினாலும் பிடித்துவிடலாம். பின்லாந்தில் பள்ளிப் படிப்பே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் சகேட் என்ற ஆய்வாளர் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பதினொரு வயது வாக்கில் இரு தரப்பும் ஒரே வேகத்தில் வாசித்தார்கள். புரிந்துகொள்வதில் தாமதமாகத் தொடங்கியவர்கள் ஒரு படி மேலேகூட இருந்தார்கள். ஆக, எழுத்துக்கு அவசரம் இல்லை. கேட்டுப் புரிகிற மொழியோ பிறந்த நாளிலிருந்து பேச்சாலும் கதையாலும் விளையாட்டாலும் சிறுகச் சிறுகச் சேர்வது. அதைக் கடைசி நேரத்தில் உட்கார வைத்து ஊட்ட முடியாது. நாமோ பொறுத்துச் செய்ய வேண்டியதை அவசரப்படுத்திக்கொண்டு, உடனே செய்ய வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. 247 எழுத்தையும் சுவர் அட்டவணையைப் பார்த்து முடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறந்தால் அங்கே இருப்பது அது வீட்டில் கேட்ட தமிழ் இல்லை. வீட்டில் "அவன் வந்துட்டான்". புத்தகத்தில் "அவன் வந்துவிட்டான்". வீட்டில் "மரத்துல ஏறிச்சு". புத்தகத்தில் "மரத்தின் மீது ஏறியது". பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான்கு வயதுக் காதுக்கு இது கிட்டத்தட்ட வேறு மொழி. இந்த எழுத்துத் தமிழ் பிள்ளையின் காதில் விழ ஒரே வழி, யாராவது புத்தகத்தைக் கையில் எடுத்து உரக்க வாசிப்பது. முன்பு அதைத் தாத்தா செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தே செய்துவிடுவார். இப்போது தாத்தாவும் செய்தியைக் கைபேசியில் வாய்மூடிப் பார்க்கிறார். எழுத்துத் தமிழைக் காதால் கேட்காமலே முதல் வகுப்புக்குள் நுழையும் பிள்ளை, தன் தாய்மொழிப் பாடப் புத்தகத்தின் முன்னாலேயே அந்நியனாக நிற்கிறது.

ஆங்கில வழி என்றால் சங்கடம் இரட்டிப்பு. இன்றே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளை வாசிக்கும் ஆங்கிலப் பாடத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வாசித்த வரி என்ன சொல்கிறது என்று தமிழில் கேளுங்கள். படம் தெரிந்தபோது டக் டக்கென்று பதில் சொன்ன பிள்ளை, படம் மறைந்ததும் உங்கள் முகத்தைப் பார்த்தால், அது இத்தனை நாள் படத்தைத்தான் படித்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்க" என்று சில பள்ளிகள் பெற்றோரை வற்புறுத்துகின்றன. தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். ஆங்கிலம் சரளமாக வராத வீட்டில் அந்த உத்தரவு பேச்சையே கொன்றுவிடும். "கம்", "சிட்", "ஈட்", "டோன்ட் டச்" என்று அதட்டலும் கட்டளையும் மட்டும் மிஞ்சும். "ஏன் மழை பெஞ்சா எறும்பு வரிசையா மேல ஏறுது?" என்று பிள்ளை கேட்டால், அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல எத்தனை அம்மாவால் முடியும்? அந்த உரையாடலே நடக்காமல் போகும். காரணம் கேட்பது, யூகிப்பது, "அப்படி இல்லாட்டி என்ன ஆகும்?" என்று மடக்குவது இவையெல்லாம் சிந்தனை. சிந்தனை எந்த மொழியில் தாராளமாக ஓடுமோ அந்த மொழியில்தான் அதைப் பழக்க வேண்டும். தாய்மொழியில் திடமாக வேர்விட்ட பிள்ளைக்கு இரண்டாவது மொழி சுமையாக இருக்காது.

அடுத்து, பணம் பறிக்கும் கூட்டம். "மூன்று வயதில் புத்தகம் வாசிக்க வைக்கிறோம்", "ஆறு மாதக் குழந்தைக்கே ஃப்ளாஷ் கார்டு" என்று விளம்பரங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன. அமெரிக்காவில் கைக்குழந்தைகளையே வாசிக்க வைப்பதாகச் சொல்லி வீடியோவும் அட்டைகளும் கொண்ட 'யுவர் பேபி கேன் ரீட்' என்ற பெட்டி விற்பனையில் சக்கைப் போடு போட்டது. அதன் விளம்பரங்கள் பொய்யானவை என்று 2012-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2014-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமன் குழு, 9 முதல் 18 மாதம் வரையிலான 117 குழந்தைகளை வைத்து இந்த வகைச் சாதனத்தை ஏழு மாதம் சோதித்தது. மொத்தம் பதினான்கு அளவுகோல்கள். பதின்மூன்றில் துளியும் வித்தியாசமில்லை. வித்தியாசம் தெரிந்த அந்த ஒன்று எது தெரியுமா? "என் குழந்தை புதுச் சொற்களைக் கற்றுக்கொள்கிறது" என்ற பெற்றோரின் நம்பிக்கை. குழந்தை கற்கவில்லை, பெற்றோர்தான் நம்பத் தொடங்கியிருந்தார்கள். இந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் கண்ணே நம்மை ஏமாற்றும் என்றால், விளம்பரக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

நம் ஊரில் இதைவிட மோசமானதும் நடமாடுகிறது. 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று பெயர். ஐந்து வயதிலிருந்தே சேர்க்கிறார்கள். ஓரிரு நாள் பயிற்சி, ஆயிரக்கணக்கில் கட்டணம், முடிவில் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்குமாம். இதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. கட்டுக்குக் கீழே மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளை பார்க்கிறது. இடுக்கை அடைத்தால் வித்தை நின்றுவிடும் என்பதைப் பகுத்தறிவாளர்கள் மேடையிலேயே காட்டியிருக்கிறார்கள். பணம் போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். அம்மா அப்பா சந்தோஷப்பட வேண்டுமென்றால் பொய் சொல்லலாம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேடை போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதை எந்தப் பயிற்சியால் துடைப்பது? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கைபேசிக்கு வருவோம். சாப்பாட்டு வேளையில் பிள்ளையின் முன்னால் அதைச் சாய்த்து வைத்து, ரைம்ஸ் ஓட விட்டு, திறந்த வாயில் கவளத்தைத் திணிப்பது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. "ரைம்ஸ்தானே, இங்கிலீஷ் கத்துக்கட்டும்" என்று அதற்கொரு சமாதானம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைக் கேளுங்கள். ஒரு வயது முடியும்வரை திரை அறவே கூடாது. அடுத்த ஒரு வருடமும் வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாள் முழுவதற்குமாகச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

திரையிலிருந்து குழந்தை மொழி கற்காதா? பட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு குழுவுடன் சீன மொழி பேசுகிறவர் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள் பேசியதைத் திரையில் காட்டினார்கள். பன்னிரண்டு அமர்வுகள் முடிந்தபோது நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றுமே கற்கவில்லை. அதே பேச்சு, அதே முகம், அதே நேரம். ஆள் மட்டும் எதிரே இல்லை. குழந்தை ஒரு பொருளைப் பார்த்தால் நாமும் அதைப் பார்த்துப் பெயர் சொல்கிறோம். அது முனகினால் பதில் சொல்கிறோம். இந்த எதிர்வினைதான் மொழியை உள்ளே கொண்டுபோகிறது. திரை குழந்தையைப் பார்ப்பதில்லை.

நாட்டு நிலவரத்தைப் பார்த்தால் அச்சம் இன்னும் கூடுகிறது. ஊரகப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் 'அசர்' ஆய்வு 2024-இல் சொன்னது: மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. ஐந்தாம் வகுப்பிலும் பாதிப் பேரால் அது முடியவில்லை. கொரோனா அடைப்புக்குப் பிறகு 2022-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பு எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அந்த ஆண்டுதான் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். 'அசர்' சோதிப்பது உரக்க வாசிக்க வருகிறதா என்பதைத்தான். வாசித்தவருக்குப் புரிந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. தேறியவர்களிலும் எத்தனை பேர் அந்த நூலகச் சிறுமியைப் போல என்று நினைத்தால் தூக்கம் வராது.

சரி, என்ன செய்வது? பணம் வேண்டாம், ஆப் வேண்டாம். நேரம் வேண்டும், பேச்சு வேண்டும்.

காக்கா வடை திருடின கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அதைச் சொல்லும் விதம் இப்படி: கடகடவென்று கதையை முடித்துவிட்டு, "நீதி என்ன? ஏமாறக் கூடாது. சரி, தூங்கு." அங்கே பிள்ளைக்கு யோசிக்க ஓர் இடமும் இல்லை. வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். நரி மரத்தடிக்கு வந்ததும் நிறுத்துங்கள். "இப்ப நரி என்ன செய்யும்னு நெனக்கிற?" காத்திருங்கள். உண்மையாகவே காத்திருங்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மால் முடியாத காரியம் இதுதான். மூன்று விநாடி பிள்ளை பேசாவிட்டால் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். "மரத்துல ஏறும்" என்று பிள்ளை சொன்னால், "தப்பு" என்று வெட்டாதீர்கள். "நரிக்கு மரம் ஏற வருமா? பூனை ஏறும், பார்த்திருக்கோம். நரியோட காலு எப்படி இருக்கும்?" என்று இழுத்துக்கொண்டே போங்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை ஒரு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். "பாட்டு" என்றால், "ஆமா, நரி காக்காவைப் பாடச் சொல்லிக் கேட்டுது. ஏன் கேட்டுது? பாட்டு மேல அதுக்கு அவ்வளவு ஆசையா?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நரி சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று. அது காக்காவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒருவர் மனத்தில் இருப்பது இன்னொருவர் மனத்தில் இருக்க வேண்டியதில்லை என்ற அறிவு பிறவியில் வருவதில்லை. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு சின்னக் கதை சொன்னார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை, இப்போது இருக்கிற இடத்தில் தேடுவான் என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்றே அது நினைக்கிறது. நான்கு வயதைத் தாண்டும்போதுதான், "அவன்தான் பாக்கலையே, பழைய எடத்துலதான் தேடுவான்" என்ற தெளிவு வரத் தொடங்கும். உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தவறாகச் சொன்னால் பயப்படாதீர்கள், திருத்தவும் வேண்டாம். இந்தத் தெளிவில்லாமல் ஏமாற்று, ரகசியம், ஆச்சரியம் எதுவும் கதையில் புரியாது. கதைகளில் பாதி இவைதானே? அதனால்தான் சொல்கிறேன்: கதைக்கு நடுவே "அதுக்குத் தெரியுமா? இதுக்குத் தெரியுமா? அது என்ன நெனச்சிருக்கும்?" என்று கேட்பதைவிடப் பெரிய சிந்தனைப் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடையாது.

கேட்டுக் கேட்டுக் கதை வாசிப்பதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தது. மற்றப் பெற்றோரும் கதை வாசித்தார்கள், ஆனால் வழக்கம் போல. ஒரே மாதம். கேள்வி கேட்டு வாசித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே போயிருந்தார்கள். புத்தகம் இரு தரப்பிலும் இருந்தது. மாறியது பெற்றோரின் வாய்தான்.

எந்தப் புத்தகம் என்று கேட்காதீர்கள். படம் பெரிதாக, வரி குறைவாக இருந்தால் போதும். துளிகா, தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்களின் படக் கதைகள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்து வெளியிட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. அக்கா, அண்ணன் படிக்கும் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஒரே புத்தகத்தை நூறு முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். நமக்குத்தான் அது பழசு. பிள்ளை ஒவ்வொரு முறையும் முன்பு பிடிபடாத ஒன்றைப் பிடிக்கிறது.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் மனம் தளர வேண்டாம். அடுப்படியே போதும். வெந்தயத்தையும் கடுகையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். தோசை வார்க்கும்போது "எண்ணெய் ஊத்தாட்டி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சந்தைக்குப் போய்வந்து, முதலில் என்ன வாங்கினோம், அப்புறம் எங்கே போனோம், கடைக்கார அண்ணன் ஏன் சிரித்தார் என்று பிள்ளையையே வரிசையாகச் சொல்ல விடுங்கள். நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்ல வருகிற பிள்ளைக்குக் கதையின் வரிசையும் பிடிபடும். கிணறு, ஏரி, ஆட்டுரல், மாட்டுத் தொழுவம், அஞ்சல் நிலையம், ரயில் மேடை எல்லாவற்றையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். நாளைக்குப் புத்தகத்தில் வரப்போகும் சொற்கள் இவை.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். சொப்புச் சாமான் வைத்துக் கூழாங்கல்லை இட்லி என்று பரிமாறுகிறதே பிள்ளை, அது வெட்டிப் பொழுது இல்லை. ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்ற அறிவு அங்கேதான் முளைக்கிறது. கல் இட்லியைக் குறிக்க முடியும் என்று கண்டுகொண்ட மனம்தான், கோடும் சுழியும் சேர்ந்து ஓர் ஒலியைக் குறிக்கும் என்பதையும் ஏற்கும். அந்த நேரத்தைப் பிடுங்கி நான்கு கோட்டு நோட்டில் கர்சிவ் எழுத வைக்கிறோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய ஒன்பது, பத்து வயதும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது கொடுமை. களிமண் பிசையட்டும், மணலில் விரலால் கிறுக்கட்டும், பூத் தொடுக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை மிக அவசரமானது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்ற வீட்டுச் சமாதானங்களை நம்பி உட்காராதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, மூன்று வயதிலும் வெளியாருக்குப் பேச்சு விளங்காத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து திடீரென்று பேச்சை இழந்த பிள்ளை, இவர்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் வேலையாகக் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கென்றே அரசின் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இலவசமாக இயங்குகின்றன. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். இதில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் விலை மதிப்புள்ளது.

பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுச் சேர்க்கும் பள்ளியாக இருந்தால் கவனம். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் பேசுவது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாது என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தகும்? முன்பருவக் கல்விக்காக 2019-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பாடத்திட்டம், இந்த வயதில் எழுத்துத் தேர்வும் கூடாது, வாய்மொழித் தேர்வும் கூடாது என்கிறது. நம் அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் பெயருக்கேற்ப விளையாட்டு வழியாகத்தான் போகிறது. பணம் கட்டிச் சேர்த்த இடத்தில் பிள்ளை நாள் முழுக்கக் கைகட்டி எழுதிக்கொண்டிருக்க, தெருமுனை அங்கன்வாடியில் பிள்ளைகள் பாடிக் கைதட்டிக் கதை கேட்டுக்கொண்டிருந்தால், எது நல்ல பள்ளி என்பதை மறுபடி யோசியுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "என் பிள்ளை எத்தனை எழுத்து எழுதுது மிஸ்?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் என்ன கதை சொன்னீங்க? என் பிள்ளை என்ன கேள்வி கேட்டான்?" என்று கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து இதைக் கேட்டால் பள்ளி மாறும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டின்போது கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள், பிள்ளையோடு பேசுங்கள். தூங்கப் போகுமுன் ஒரு கதையை எடுத்துப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்வரை பொறுத்திருங்கள்.